டீசல் துணி எட்டாத இடம்

எபினேசர் ராமசெல்விக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தார். நான்கு மாதப் பாக்கி. கையில் இல்லாமல் வைத்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது.

எபினேசர் யார்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதின்மூன்று வயதில் ராயபுரத்தில் ஹார்பர் லாரிக்குக் கிளீனராக ஏறியவர். இருபத்து நான்கில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஐம்பத்தைந்தில் சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் எடுத்து, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தார். எவன் வாசலிலும் போய் நின்றதில்லை. அறுபத்தொரு வயதிலும் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து தன் வண்டியைத் தானே துடைக்கிற மனிதர். எண்ணூரிலிருந்து பாரிமுனை வரை ஆயிரம் டிரைவர் இருக்கட்டும், வண்டி துடைப்பதில் அவருக்கு ஈடு எவனும் கிடையாது. இதை அவரே சொல்வார். வேறு யார் சொல்ல வேண்டும்?

அப்பேர்ப்பட்டவருடைய வண்டி மங்கிப்போனது.

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் வாட்டர் வாஷ் கடை வைத்திருப்பவள் ராமசெல்வி. நான்கு மாதத்துக்கு முன்னால் மெஷின் வைத்துத் தேய்த்து, ஆல் இன் ஒன் பாலிஷ் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு வண்டியில் முகம் பார்த்து மீசை வெட்டலாம். ஆறே வாரத்தில் சாம்பல் பூத்துவிட்டது. "டூப்ளிகேட் சரக்கு போட்டு ஏமாத்திட்டா" என்று எபினேசர் தேரடி கார் ஸ்டாண்டு முழுக்கச் சொன்னார். காசு கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். அவர் சொன்னால் ஸ்டாண்டில் எடுபடும். ஏழெட்டு வண்டிகள் ராமசெல்வி கடைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டன.

இப்போது அவருக்கே நெருக்கடி. மணலியில் ஒரு கம்பெனிக்கு ஆபீசர்களை ஏற்றி இறக்கும் மாத வாடகை ஓட்டம் அவருடையது. மாதம் முப்பத்திரண்டாயிரம். போன முறை வண்டிகளைப் பார்வையிட்ட அதிகாரி அவருடைய பானெட்டில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்து, "அடுத்த தடவையும் இப்படி இருந்தால் பேரை எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டான். அடுத்த தடவை என்பது இந்தத் திங்கட்கிழமை.

சனிக்கிழமை காலை எபினேசருக்கு டீ இறங்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். டோல்கேட்டில் அத்தாவுல்லாவின் ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் நின்றார்.

"பாய், ஒரே டப்பா. கீறலும் போவணும், பளபளன்னும் இருக்கணும், உப்புக் காத்தும் புடிக்கக் கூடாது. எடு."

"அழகும் வோணும், சம்பாதிக்கவும் வோணும், எதுத்தும் பேசக் கூடாது. இன்னா மாமு, இந்த வயசுல பொண்ணு பாக்குறியா?"

"பேஜாரு பண்ணாத பாய். திங்கக்கிழம வண்டிய பாக்குறான்."

அத்தாவுல்லா வரிசையாக எடுத்து வைத்தார். "இது ரப்பிங் காம்பவுண்டு. நல்லா தேய்க்கும், ஆனா மேல ஒண்ணும் நிக்காது. இது மெழுகு. சொம்மா பவுடர் பூசுற மாதிரி, கீறல் அப்படியே கீது. கோட்டிங்னு ஒண்ணு கீது, பதினெட்டாயிரம். அது ஷெட்டுல தூங்குற வண்டிக்கு. உன் வண்டி டெய்லி நிலக்கரி லாரி பின்னால ஓடுது. அதுக்கு ஆல் இன் ஒன்னுதான். லேசா தேய்க்கும், தேய்ச்ச எடத்துலயே மேல ஒரு தோலு படியும். நாலு மாசம் தாங்கும். செல்வி என்கிட்ட எடுக்குறதும் இதான்."

"அவ போடுறது வோணாம். வேற காட்டு."

"அய்ய, வீம்பப் பாரு!"

டப்பாமேல் இருக்கும் இங்கிலீஷ் எபினேசருக்குப் படிக்க வராது. சிவப்புக் கார் படம் போட்ட இன்னொரு ஆல் இன் ஒன்னை, விலையும் முந்நூறு ரூபாய் கூட என்பதால், எடுத்துக்கொண்டு வந்தார். நிழலில் நிறுத்தி, பானெட்டைக் கழுவி, முட்டி வலிக்க வலிக்கக் கையாலேயே தேய்த்தார். மாலையில் பானெட் வெள்ளித் தட்டு. "பாத்தியா, மெஷினும் வோணாம், எவளும் வோணாம்" என்றார் மனைவி எஸ்தரிடம்.

ஞாயிறு விடியற்காலை வழக்கம்போல் எழுந்தார். பழைய பனியன் துணியில் டீசலைத் தொட்டு, வண்டியைச் சுற்றிலும் ஒரு இழுப்பு. லாரியில் கற்ற தொழில் அது. டீசல் துணி பட்டால் லாரி முகப்பு ஜொலிக்கும். நாற்பத்தெட்டு வருடமாக அவருடைய கை அதை மறந்ததே இல்லை. காரிலும் ஜொலித்தது, ஒன்பது மணி வரைக்கும். அப்புறம் பார்த்தால் புதிதாகத் தேய்த்த பானெட்டிலும் கரித்தூள் அப்பியிருக்கிறது.

இதுவும் டூப்ளிகேட்டா? அத்தாவுல்லாவை உண்டு இல்லை என்று பார்த்துவிடக் கிளம்பினார். பாதித் தெரு போய்த் திரும்பி வந்தார். மறுபடி கிளம்பினார். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது.

"இன்னாயா தெருவ அளந்துகினு கீற? மாடில துணி நனையுது, போய் எடு!" என்று எஸ்தர் கத்தினாள்.

மாடிக்கு ஓடியவர் துணியை எடுக்கவில்லை. கீழே நின்ற காரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

பானெட்டில் மழைத் தண்ணீர் அழுக்குப் பாயாக விரிந்து கிடந்தது. கதவுகளிலும் அப்படியே. ஆனால் கூரையின் நடுவில், ஒரு தலையணை அகலத்துக்கு, துளிகள் உருண்டை உருண்டையாக நின்று ஓடின. நான்கு மாதத்துக்கு முன்னால் ராமசெல்வி போட்ட பாலிஷ் அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. ஏன் அங்கே மட்டும்? எபினேசர் குள்ளம். எக்கி நின்றாலும் அவர் துணி அந்த இடத்துக்கு எட்டாது.

அவர் தன் கையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். டீசல்.

மழை நிற்கக் காத்திருக்கவில்லை. டீசல் துணியை உருட்டி எடுத்துக்கொண்டு, காரைத் தேரடிக்கு ஓட்டினார். ராமசெல்வி ரப்பர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாணா, என்னப்பத்தி இன்னும் எதுனா சொல்ல பாக்கி கீதா?"

எபினேசர் துணியை மேஜைமேல் வைத்தார். அவள் எடுத்து மோந்து பார்த்தாள்.

"இத்த வெச்சா டெய்லி தொடைச்சிகினு இருந்த? லாரிக்கு இது சரிணா. காருக்கு? நா போட்ட தோல டெய்லி காலைல நீயே உரிச்சிகினு இருந்துகீற. அப்பால எண்ணெ பசைல தூசி ஒட்டாம இன்னா பண்ணும்?"

"நாளைக்கி பாக்குறான் செல்வி. பேர எடுத்துருவான்."

"எடுக்கட்டுமே. என் கடை பேர நீ எடுத்தல்ல?"

அவர் தலையைக் குனிந்தார். ஹார்பரில் எந்த மேஸ்திரிக்கும் குனியாத தலை. "தப்புதான்" என்றார். "துட்டு எடுத்தாந்துகீறேன்."

"இங்க வோணாம். ஸ்டாண்டுல வெச்சுதான சொன்ன? அங்கயே வெச்சுக் குடு, நாலு பேரு பாக்க. பழசும் இன்னிக்கி வேலையும் சேத்து ஏழாயிரம்." சொல்லிவிட்டு மெஷினை எடுத்தாள். முதலில் சோப்பு நீரில் டீசலைக் கழுவி எடுத்தாள், பிறகு அதே ஆல் இன் ஒன் பாட்டிலைத் திறந்தாள். எபினேசர் கடைக்குள் நடந்துகொண்டே இருந்தார். "உக்காருணா, மெஷின விட நீதான் ஜாஸ்தி சுத்துற" என்றாள்.

திங்கட்கிழமை அதிகாரி பானெட்டில் விரலை ஓட்டினான். விரலைப் பார்த்தான். விரல் சுத்தம். அடுத்த வண்டிக்குப் போனான்.

சாயந்திரம் தேரடி ஸ்டாண்டில் ஆறு வண்டிகள் நின்றன. ராமசெல்வி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார் எபினேசர். "செல்வி போட்டது நல்ல சரக்கு. கெடுத்தது என் டீசல் துணி. இனிமே யாரும் காருல டீசல் துணிய வெக்காதீங்க. இத்த கண்டுபுடிச்சது இந்த எபினேசரு!"

"கெடுத்ததும் நீ, கண்டுபுடிச்சதும் நீயா மாமு?" என்றான் டிரைவர் ஆண்ட்ரூ. ஸ்டாண்டு சிரித்தது. ராமசெல்வியும் சிரித்துவிட்டாள், ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

எபினேசர் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒவ்வொன்றாக அவளுடைய உள்ளங்கையில் எண்ணி வைத்தார். கடைசியாகப் பதினான்காவது தாளை வைக்கும்போதுதான் வீம்பு போய் அவருடைய குரல் இறங்கியது.