இரண்டாவது கையெழுத்து

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆய்வாளர் அவர். முப்பது ஆண்டுகளாக, கம்பிவடத்தைத் தம் கையால் தடவிப் பாராமல், பிரேக்கைத் தாமே இயக்கிப் பாராமல் எந்தச் சான்றிதழிலும் அவர் பேனா பட்டதில்லை. "நேத்துதான் பாத்தோம் சார், கல்லு மாதிரி இருக்கு" என்று கட்டட மேலாளர்கள் எவ்வளவு குழைந்தாலும், "நான் கண்டால்தான் கையெழுத்து" என்பார். அலுவலகத்தில் அவருக்குக் 'கண்டால்தான்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அதை அவர் பட்டமாகவே சூடிக்கொண்டார்.

அவருடைய அக்கா பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்றவள். தனியாள். மருத்துவமனை வாயிலுக்கு நேர் எதிரே, தரைத்தளத்தில் இரண்டறை வீடு ஒன்று அவளுக்கு இருந்தது. அழுக்கு விரிப்புகளை அள்ளப் போகும் காலைதோறும், நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் மாடிப்படித் திருப்பங்களில் செய்தித்தாளை விரித்துச் சுருண்டு கிடப்பதைக் கண்டு கண்டு அவள் நெஞ்சு புண்பட்டிருந்தது. "நோயாளிக்குக் கட்டில் இருக்கு. கூட வந்தவனுக்கு என்ன இருக்கு?" என்பாள். தன் காலத்துக்குப் பின் தன் வீடு அவர்கள் தலைசாய்க்கும் இடமாக வேண்டும் என்பதே அவள் எழுதிய உயிலின் சாரம்.

உயிலுக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் முன்னிலையில் அவள் கையெழுத்திட, அவரும் இட்டார். இரண்டாம் சாட்சிக்குத் தம்பியைத் தேடி, அவர் வேலையாயிருந்த கட்டடத்துக்கே வந்துவிட்டாள். சோதனைக்காக லிஃப்ட் நிறுத்தப்பட்டிருந்தது. நான்கு மாடியும் ஏறி, இயந்திர அறையின் வாசலில் மூச்சிரைக்க நின்றாள்.

"ஏன்டா, நீ காலடி வச்ச கட்டடத்துல மட்டும் லிஃப்ட் ஓடவே ஓடாதா?"

"ஓடுற லிஃப்ட்டைத் தொட்டா என் உயிருல்ல அக்கா போயிடும்! நீ ஏன் இவ்வளவு தூரம் ஏறி வந்தே?"

அவள் தாளை நீட்டினாள். அவர் கைக்கிரீஸைத் துடைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். கண்கள் பனித்தன. பேனாவும் கைக்கு வந்துவிட்டது. அங்கேதான் நின்றார்.

"அக்கா, இதுல நீ கையெழுத்துப் போட்டதை நான் பாக்கலையே."

"நான் போட்டதுதான்டா. என் கோழிக்கிறுக்கல் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் பாக்கலை. பாத்தேன்னு எப்படிச் சாட்சி சொல்றது? வேற தாள்ல மறுபடி எழுதி வை. ஞாயித்துக்கிழமை வரேன். என் கண்ணு முன்னால போடு, நானும் போடறேன்."

"அப்பா பெத்த பிள்ளைங்கள்ல நீ மட்டும் தராசுத் தட்டுல பொறந்தியா?" என்று சிரித்தாள். கோபமில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிக்கு ஒருமுறை நின்று நின்று இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் மூச்சு அடங்கிற்று. மேசைமேல் உயிலின் புதிய படி கிடந்தது. கையெழுத்துக்கான இடங்கள் வெறுமையாய் இருந்தன.

பழைய தாளை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் ஓடினார்.

"ஒரு சாட்சி போதாது சார். அவங்க இருக்கும்போதே நீங்க ஏன் போடலை?"

"அவங்க போட்டதை நான் பாக்கலையே."

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கணும்னு அவசியமே இல்ல சார். 'இது நான் போட்டதுதான்'னு அவங்க வாயால சொல்லியிருந்தாலே போதும். அப்படி ஏதாவது சொன்னாங்களா?"

"'நான் போட்டதுதான்டா'ன்னு சொன்னாங்க" என்று சொல்லி, அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீடு சட்டப்படி உடன்பிறந்தார் இருவருக்கும் வந்தது. வெளிநாட்டிலிருந்த அண்ணனிடம் தொலைபேசியில் மன்றாடினார். "அவ்வளவு நல்ல காரியம்னா நீயே கையெழுத்துப் போட்டிருக்கலாமேடா" என்றார் அண்ணன். வீடு விலைபோயிற்று.

அந்த வீட்டின்மேல் தமக்கு ஆசை ஒரு துளியேனும் ஒளிந்திருந்ததா என்று அவர் தம் நெஞ்சைக் கம்பிவடம்போல் முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். இல்லை. அந்த விடை அவருக்கு ஆறுதல் தரவில்லை. ஆசையென்றால் அழுது கழுவிவிடலாம். இதுவோ, தவறாதவன் என்ற செருக்கு. அறத்தின் உடையை உடுத்துக்கொண்டு அறத்தையே வாசலில் நிறுத்திவிட்டது.

தம் பங்கு முழுவதற்கும் மடக்குக் கட்டில்கள் வாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். தாழ்வாரத்தில் ஓரமாக விரிக்கலாம், அவ்வளவே. ஒரு கதவு, ஒரு கூரை, கால்நீட்ட ஓர் அறை என்று அவள் எண்ணியது அதுவன்று.

அலுவலகப் பெண் நன்கொடைப் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். "கொடுத்தவர்ங்கிற இடத்துல உங்க பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

"நான் கொடுக்கலைம்மா. இது எங்க அக்கா கொடுத்தது. இங்க சலவைக்கூடத்துல இருந்தவங்க."

"அப்படின்னு அவங்க எழுத்து ஏதாவது இருக்கா?"

பையில் அந்தத் தாள் இருந்தது. எடுத்து நீட்டினார். அவள் படித்துவிட்டு, வருத்தத்தோடுதான் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வீட்டைப் பத்தி இருக்கு. அதுலயும் ஒரு சாட்சி குறையுது. தப்பா நினைக்காதீங்க சார், எங்க கண்ணு முன்னால கொடுக்கிறவங்க பேரைத்தான் எழுத முடியும்."

வாதாடத் தகுதியற்ற ஒரே மனிதர் தாமே என்பது அவருக்கு விளங்கிற்று. இயந்திர அறையின் வாசலில் கைக்கு வந்து நின்றுபோன அதே பேனாவை எடுத்து, கொடுத்தவர் என்ற இடத்தில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.