கொடியில் காயும் குடித்தனம்

ஈரப் போர்வையைக் கொடியில் வீசிப் போட்டு, ஓரம் பிடித்து இழுத்து, சுருக்கம் போக இரண்டு தட்டுத் தட்டுகிறார் தரகரம்மா. பிறகு உள்ளே போய் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுகிறார். துருத்தண்ணீர் இருமிக்கொண்டு வருகிறது. அது தெளிவதற்குள் சமையலறை ஜன்னலைத் திறந்து, மேடையில் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகளைப் பரப்பிவிடுகிறார். ஒன்று பெரியது, ஒன்று மிகச் சிறியது. ஆளே இல்லாத வீட்டில் ஒரு குடும்பம் குடியேறியாயிற்று.

“சின்னச் செருப்பு கண்டிப்பா இருக்கணும். தூங்குற புள்ளைய எழுப்பிடுவோமோன்னு எவனும் கதவத் தட்ட மாட்டான்” என்பார்.

இது அவருடைய உபதொழில். மூலத்தொழில் வீட்டுத் தரகு. வீடு தேடுகிறவர்கள் அவரிடம் ஒரு பொய் சொல்வார்கள். வீடு வைத்திருப்பவர்கள் அதைவிடப் பெரிய பொய் சொல்வார்கள். இரண்டு பொய்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் செய்வதே தரகு. அதற்கென்று அவரிடம் ஒரு மொழி உண்டு. திரும்ப இடமில்லாத அறை ‘அடக்கமானது’. ஜன்னலுக்கு எதிரே சுவர் நின்றால் ‘வெயில் தொந்தரவு கிடையாது’. சாக்கடையை ஒட்டிய வீடு ‘நல்ல காத்தோட்டம்’. ஆனால் ஓதம் ஏறிய சுவரை மட்டும் ஒருபோதும் மறைக்க மாட்டார். உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே, “இது வேணாம்மா, புள்ளைங்களுக்கு இழுப்பு வரும்” என்று சொல்லிவிடுவார். அதனாலேயே அவரைத் திட்டுகிறவர்கள்கூட அவரிடமே திரும்பி வருகிறார்கள்.

இப்போது திரும்பி வருகிறவர்களுக்குக் காட்டத்தான் வீடில்லை. அதாவது, வீடு இருக்கிறது. “வீட்டுக்கு என்ன பஞ்சம்? வீட்டுக்குள்ள ஆளுக்குத்தான் பஞ்சம்” என்று சிரிப்பார். இந்தப் பகுதித் தெருக்களில் ஐந்து மாடி கட்ட அனுமதி வரப்போகிறது என்பது நகர்மன்றத்தில் பேச்சு எடுக்கப்படுவதற்கு முன்பே கவுன்சிலருக்குத் தெரியும். பேச்சை எடுக்கப்போகிறவரே அவர்தான். எனவே வரிசையாகப் பழைய வீடுகள் கைமாறின. அவர் பேரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஒன்று மனைவி பேரில், ஒன்று மாமியார் பேரில், மீதியெல்லாம் மச்சான் பேரில். இடிக்கப்போகிற வீட்டில் குடித்தனம் இருந்தால் கிளப்புவது பெரும்பாடு என்று எல்லாவற்றையும் பூட்டிப் போட்டார்கள். பூட்டாத வீடுகளில் வாடகை ஏறியது.

இதே கவுன்சிலர்தான் போன தேர்தலுக்கு முன், “வீடில்லாதவன் தெருவுல, வீடெல்லாம் பூட்டுல!” என்று மேடையில் முழங்கி, காலி வீட்டு வரியைக் கொண்டுவந்தவர். கைதட்டல் ஓய்ந்த மறுவாரமே தரகரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். “அக்கா, நம்ம வீடுங்கள்ல கொஞ்சம் ஆள் நடமாட்டம் தெரியணும்.” தன் வீட்டுத் துணியைத் தினம் ஒரு வீட்டில் உலர்த்தினால் போதும் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். தன் வீட்டில் கொடி கட்ட இடமில்லை என்பது அதில் ஒரு வசதி.

அவர் வாடகைக்கு இருக்கும் அந்த ஒண்டுக் குடித்தனத்துக்குத்தான் இப்போது கேடு வந்திருக்கிறது. அதையும் மச்சான் வாங்கிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பட்டறைக்குப் போகும் மகன், மாசமாக இருக்கும் மருமகள், தரகரம்மா, மூவருக்கும் சேர்த்து அவர்களால் கொடுக்க முடிந்த வாடகைக்கு ஊரில் ஓர் அறைகூட இல்லை. ஊருக்கே வீடு பிடித்துக் கொடுத்தவர் தனக்குத் தேடும்போது, தன் அடக்கத்தையும் காத்தோட்டத்தையும் பிறர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

கவுன்சிலரிடமே போய்க் கேட்டார். “தம்பி, பூட்டிக் கெடக்குறதுல ஒண்ணக் குடுங்க. பழைய வாடகைய ஒழுங்கா குடுத்துடுறேன்.”

“ஐயோ, எனக்கு ஏதுக்கா வீடு? எல்லாம் மச்சானுது. அவன் ஒரு மாதிரி.”

“உங்கப்பாவுக்கு மொத வீடு புடிச்சுக் குடுத்ததே நான்தான்.”

“அந்த நன்றிக்குத்தானக்கா துணி காயப்போடுற வேலையே குடுத்திருக்கேன்” என்றார் கவுன்சிலர், உண்மையிலேயே நெகிழ்ந்து.

இதற்கிடையில் தரகரம்மா ஒரு தப்புச் செய்தார். மழை பெய்த வாரம் துணி காயாமல், மாற்றிப் போட வேறு இல்லாமல் போயிற்று. ஒரே பச்சைப் போர்வையை ஒரே நாளில் இரண்டு தெருக்களில் காயப்போட்டார். வரி அலுவலகத்துக்குப் புதிதாக மாறி வந்திருந்த ஆபீசர் இரண்டு தெருவிலும் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை, வார்டுக்காரர் என்று கவுன்சிலரையும் கையோடு கூட்டிக்கொண்டு, அதில் ஒரு வீட்டுக்கு நேரே வந்து கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தது தரகரம்மா. நடந்தால் நல்லது என்று உடன் வந்திருந்த மருமகள், கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வீட்டுல யாரும்மா குடியிருக்காங்க?” என்றார் ஆபீசர்.

கவுன்சிலர் அவருக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். ‘இருக்காங்க’ என்று சொல்லு என்பது அதன் பொருள். தரகரம்மா அந்தக் கண்ணையும் பார்த்தார், மருமகளின் வயிற்றையும் பார்த்தார்.

“நாங்கதான் சார். நானு, எம்மவன், இந்தா உக்காந்திருக்காளே, மருமக. அடுத்த தெரு வீட்டுல எங்க வீட்டு ஆளுங்க இருந்தாங்க, போர்வை அங்கயும் இங்கயும் போய் வரும். இனிமே எல்லாம் இங்கதான்.”

“வாடகை?”

“பழைய வாடகைதான். ஏத்தவே கூடாதுன்னு மச்சான்கிட்ட சொல்லிட்டாரு தம்பி. மேடையில பேசுறது ஒண்ணு, செய்யுறது ஒண்ணுன்னு இருக்குற ஆளா சார் அவரு? என்ன தம்பி?”

இல்லை என்றால் வரி. வரியோடு மேடைப் பேச்சும் போயிற்று. கவுன்சிலர் அவசரமாகத் தலையாட்டினார். “ஆமா சார். நமக்கு ரொம்ப வேண்டியவங்க” என்றார்.

“நீங்க சொல்றீங்கன்னா சரி. பிரசவம் வரைக்கும் இவங்களுக்கு யாரும் தொந்தரவு குடுக்காம பாத்துக்கங்க” என்று ஆபீசர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

“அக்கா” என்றார் கவுன்சிலர், குரலைத் தாழ்த்தி. “இது நல்லா இல்ல. மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“ஒரு மாதிரி ஆளுன்னு சொன்னீங்களே, பக்குவமா சொல்லுங்க தம்பி. அடுத்த தடவ வரும்போது மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டு வாங்க. புள்ளத்தாச்சி இருக்குற வீடு.”

“அத்தை, நெசமாவா?” என்றாள் மருமகள் உள்ளிருந்து.

கவுன்சிலர் கடைசிப் படியிலிருந்து திரும்பிப் பார்க்கையில் தரகரம்மா கதவைச் சாத்தினார். வெளியே நின்று பூட்டியே பழகிய கை, உள்பக்கத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் தடவித் தேடியது. துருவேறி நகர மறுத்தது அது. உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி வைத்தார். தெருவுக்கே கேட்கும்படி விழுந்தது தாழ்ப்பாள்.