ஒன்பது பேருக்குப் பத்துப் பாத்தி

ஏலக்காய்க் கிட்டங்கியின் பின்கட்டில் தோட்டம் போடலாம் என்ற பேச்சை எடுத்தவள் ஒச்சம்மாள்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் காய் பொறுக்குகிறவளுக்கு, மத்தியானக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் வேண்டும் என்று தோன்றுவதில் என்ன தப்பு?

ஐம்பத்து நாலாம் வருசம் அது. மலையில் விளைகிற ஏலக்காய் போடிமெட்டு வழியாக இறங்கிப் போடிநாயக்கனூருக்கு வரும். அங்கே சத்தியநேசன் முதலாளியின் கிட்டங்கியில் ஒன்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுளகில் கொட்டித் தரம் பிரிப்பார்கள். பச்சை மாறாத கெட்டிக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம். கையில் ஈரம் ஆகாது. ஈரக்கை பட்டால் காயின் பச்சை மங்கிவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று, முந்தியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். அதற்கு உதறல் என்றே பெயர். ஒரு காய் விழுந்தாலும் மறுநாள் வேலை கிடையாது. அதில் யாருக்கும் ரோசம் வந்ததாகத் தெரியவில்லை. வந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது?

பின்கட்டில் ஒரு கிணறும், முழங்கால் உயரத்துக்குக் குப்பையும், வெயிலும் கிடந்தன. ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது ஒச்சம்மாள் அதைக் காட்டி, "தண்ணி கெடக்கு, எருவும் கெடக்கு. ஆளுக்கொரு பாத்தி போட்டா வெஞ்சனத்துக்கு ஆகாதா?" என்றாள். மற்றவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. முதலாளி மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். விளைந்ததை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கத்தரிக்காயாக இருந்தாலும் வாசலில் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். ஏலக்காயை வெண்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று மனிதர் பயந்தாரோ என்னவோ.

பாத்தி பிரித்தவர் மேஸ்திரி பெத்துராஜ். சண்டை வரக்கூடாது என்று, பெண்கள் உள்ளே உட்காருகிற வரிசையிலேயே பாத்தியையும் போட்டார். கயிற்றைப் பிடித்து, முளை அடித்து, பெயர் சொல்லிக்கொண்டே போனார். "வீரலட்சுமி, செல்லக்கனி, ஒச்சம்மா, முனியாயி, ராசாத்தி..." நாலாவது பாத்திக்கு நாலு முளையும் இறங்கி, ராசாத்தி பேரையும் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முனியாயி செத்து மூன்று வருசமாகியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பெத்துராஜ் முளையைப் பிடுங்கக் குனிந்தார். என்ன நினைத்தாரோ, பிடுங்காமல் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். இப்படித்தான் ஒன்பது பேருக்குப் பத்துப் பாத்தி அமைந்தது.

முனியாயி எப்படிச் செத்தாள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிட்டங்கியில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. ஒரு நாள் சாயங்காலம் உதறலின்போது அவளுடைய தூக்குச்சட்டியில் ஒரு பிடி கெட்டிக்காய் இருந்தது. "நான் எடுக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். யாரும் கேட்கவில்லை. திருட்டுப் பட்டம் கட்டிய பிறகு போடியில் எந்தக் கிட்டங்கியிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. மலைக்குப் போய் எஸ்டேட்டில் களை வெட்டினாள். மூன்றாம் மாதம் மலைக்காய்ச்சல் கண்டது. அடைமழையில் பிணத்தை இறக்க வழியில்லாமல் அங்கேயே குழி தோண்டி மூடிவிட்டார்கள். எந்த மேட்டில் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஒச்சம்மாளுக்கு மட்டும் தெரிந்த கதை வேறு. அந்தப் பிடி காயை எடுத்தவள் அவள்தான். தேவாரம் ஊரில் கட்டிக்கொடுத்த மகளுடைய மாமியார் வீட்டார் மறுநாள் விருந்துக்கு வருவதாக இருந்தது. பாயசத்தில் நல்ல காய் மணக்க வேண்டும் என்று ஒரு ஆசை. வேறொன்றுமில்லை, அற்ப ஆசை. மற்ற நாளில் உதறலைப் பெத்துராஜ் பாதிதான் பார்ப்பார். அன்றைக்குப் பார்த்து முதலாளியே வந்து நின்றார். ஒச்சம்மாள் அவசரமாக முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்து, பக்கத்தில் இருந்த முனியாயியின் சட்டியில் போட்டு மூடிவிட்டாள். உதறலில் சட்டியை யாரும் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. தெருமுனையில் ஏதாவது சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அன்றைக்குச் சட்டியையும் திறந்தார்கள். ஒச்சம்மாள் அன்று கஞ்சி கொண்டுவரவில்லை. மத்தியானம் அந்தச் சட்டியில் இருந்த சோற்றில் பாதியைத் தின்றவள் அவள்தான். வாசலில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தாள், அதற்கு மறுநாள் சொல்லலாம் என்றிருந்தாள், அப்புறம் மலையிலிருந்து சாவுச் செய்தி வந்துவிட்டது.

முனியாயிக்கு ஒரு பழக்கம். ஒரு சுளகுக் காய் முடிந்ததும் சுளகின் விளிம்பை மூன்று தட்டுத் தட்டுவாள். அவள் செத்த செய்தி வந்த வாரத்திலிருந்து அந்தச் சத்தம் ஒச்சம்மாளின் காதில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து இடம் காலியாகத்தான் கிடக்கும். திரும்பிப் பார்த்தால் தரை. குனிந்தால் மறுபடி மூன்று தட்டு.

தோட்டம் வளர்ந்தது. கத்தரி பூத்தது, மிளகாய் காய்த்தது, வீரலட்சுமியின் பூசணிக்கொடி அடுத்தவள் எல்லைக்குள் ஏறி இரண்டு சண்டைகளை மூட்டியது. பெண்கள் சாயங்காலம் உதறலுக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு குடம் ஊற்றுவார்கள். முனியாயியின் பாத்தியை மட்டும் ஒருத்தியும் தொடவில்லை. அது மொட்டையாகக் கிடப்பதை ஒச்சம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் அவரை விதை ஊன்றினாள். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கையைச் சேலையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாள். அப்போது மலை முழுக்க மூட்டமாக இருக்கும். அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

மற்ற பாத்தி எல்லாம் காய்ந்து கிடக்க, ஆளில்லாத பாத்தி மட்டும் காலையில் நனைந்திருந்தால் சும்மா இருப்பார்களா? "முனியாயி வந்து பாக்குறாடி" என்று ராசாத்திதான் முதலில் சொன்னாள். ஒரு வாரத்தில் அது கிட்டங்கி முழுக்கப் பரவி, கிணற்றடிக்குத் தனியாகப் போக எல்லோரும் அஞ்சினார்கள். ஒச்சம்மாள் மறுத்துப் பேசவில்லை. நான்தான் ஊற்றுகிறேன் என்றால், ஏன் என்று கேட்பார்களே.

அந்தப் புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் பாயை விட்டு எழவில்லை. ஐந்தாம் நாள் விடிய வந்து பார்த்தாள். பாத்தி ஈரமாக இருந்தது. அவரைக்கொடி கொம்பு பிடித்து ஏறிப் பூ வைத்திருந்தது. பெத்துராஜைக் கேட்டாள். "எனக்கு என்ன பைத்தியமா, அதுகிட்ட போக?" என்றார். ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். எல்லோரும் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டார்கள். அந்த நாலு நாள் தண்ணீர் ஊற்றியது யார் என்பது கடைசிவரைக்கும் தெரியவில்லை. தான் ஊரை ஏய்க்க, தன்னை ஒருத்தி ஏய்க்கிறாள் என்று ஒச்சம்மாளுக்குப் பட்டது. அன்றிலிருந்து அவள் நல்ல தூக்கம் தூங்கவில்லை.

ஐப்பசியில் மலையிலிருந்து காய் லோடு லோடாக இறங்கியது. கை போதவில்லை. அந்தச் சமயத்தில்தான் பொன்னுமணி வந்து வாசலில் நின்றாள். முனியாயியின் ஒரே மகள். சிலமலைக் கிராமத்தில் மாமன் வீட்டில் இருந்தவள். மாமன் மனைவி இனி சோறு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"எங்க ஆத்தா எடத்துல ஒரு சோலி குடுங்க முதலாளி. இல்லாட்டி நானும் மலைக்குத்தான் போகணும்" என்றாள்.

முதலாளி தாடையைத் தடவினார். ராசாத்தி உள்ளேயிருந்தபடியே, "கள்ளி மகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாங்க எப்படிக் காய் பொறுக்குறது? நாளைக்குக் காய் கொறைஞ்சா எங்க தலையிலல்ல விடியும்?" என்றாள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். முதலாளி பெண்ணைப் பார்த்துக் கையை விரித்தார்.

பொன்னுமணி திரும்பினாள். தெருவில் இறங்கினால் அவள் போகப்போகிற இடம் ஒச்சம்மாளுக்குத் தெரியும். அதே ரோடு, அதே மேடு, அதே காய்ச்சல். ஒச்சம்மாள் சுளகைத் தள்ளிவிட்டு எழுந்தாள். காய் தரையெல்லாம் ஓடியது.

"முனியாயி எடுக்கல" என்றாள். "நான்தான் எடுத்தேன். அவ சட்டியில போட்டது நான்தான்."

மூன்று வருசமாகத் தொண்டையில் கிடந்த பேச்சு. குரல் அவள் குரலாகவே இல்லை. கொண்டை அவிழ்ந்து தொங்கியது. உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது. பெண்கள் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள்.

"வந்துட்டாடி" என்று செல்லக்கனி முணுமுணுத்தாள். "மக வந்ததும் ஆத்தாக்காரி வந்து எறங்கிட்டா. புடிச்ச ஆளு மேலயே பழியப் போடுறா பாரு."

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ஒச்சம்மா பேசுறேன்" என்றாள் அவள். பேய் பிடித்தவள் எவளாவது பேய் பிடித்திருக்கிறது என்று ஒத்துக்கொள்வாளா? நாலு பேர் சேர்ந்து பிடித்து உட்கார வைத்து, நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். பொன்னுமணியை ராசாத்தியே கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆத்தாக்காரி பக்கத்தில் நிற்கும்போது மகளை விரட்ட யாருக்குத் தைரியம் வரும்?

மறுநாள் ஒருத்தியும் வேலைக்கு உட்காரவில்லை. முதலாளி வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்; பேய், கோடாங்கி எல்லாம் அவருக்கு ஆகாது. ஆனால் காய் மூட்டை கூரை வரைக்கும் ஏறி நின்றது. மதுரையில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காலை ரயிலிலேயே கிளம்பிப் போய்விட்டார். மத்தியானம் பேயோட்டுகிற சின்னமுத்துக் கோடாங்கி உடுக்கையோடு வந்து சேர்ந்தார்.

தோட்டத்தில், முனியாயியின் பாத்திக்கு எதிரே ஒச்சம்மாளை உட்கார வைத்தார்கள். உச்சி வெயில். உடுக்கை அடித்தது. கோடாங்கி வேப்பங்குலையால் அவள் தோளில் ஓங்கிப் போட்டு, "யாரு வந்திருக்கறது? பேரச் சொல்லு" என்றார்.

"ஒச்சம்மா."

"அது இந்த ஒடம்போட பேரு. உள்ள இருக்கறவ பேரச் சொல்லு."

"ஒச்சம்மாதான்யா. நான் சொல்றத ஒருத்தராச்சும் கேளுங்க."

மறுபடி குலை விழுந்தது. எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில், அதே அடி. தோள் எரிந்தது. கிணற்றடியில் பொன்னுமணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தபோதுதான் ஒச்சம்மாளுக்குப் புத்தியில் பட்டது. உயிரோடு இருந்த முனியாயி சொன்னதை இவர்கள் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒச்சம்மாள் சொல்வதையும் கேட்கப்போவதில்லை. செத்தவள் சொன்னால் கேட்பார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"நான் முனியாயி" என்றாள்.

உடுக்கை சட்டென்று நின்றது. ராசாத்தி தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"ஏன் வந்தே?"

"நான் களவாணி இல்லன்னு சொல்ல வந்தேன்."

"அப்ப எடுத்தது யாரு?"

"ஒச்சம்மா. சம்பந்தகாரங்களுக்குப் பாயசம் காச்ச எடுத்தா. முதலாளியக் கண்டு பயந்து என் சட்டியில போட்டா. அன்னைக்கு என் சோத்துலதான் பாதி தின்னா. வாசல்ல நான் நிக்கும்போது எனக்குப் பின்னாடியே நின்னா, வாயத் தொறக்கல."

இந்தத் தடவை எல்லோரும் நம்பினார்கள். ஒரு வார்த்தை விடாமல் நம்பினார்கள். செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குச் சட்டியைத் திறந்து பார்த்த பெத்துராஜ் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு என்ன வேணும், கேளு" என்றார் கோடாங்கி.

"என் எடத்த என் மகளுக்குக் குடுங்க. இந்தப் பாத்தியையும் குடுங்க. அவளை யாரும் கள்ளி மகள்னு சொல்லப்புடாது."

"குடுத்தாச்சு ஆத்தா" என்றார் பெத்துராஜ். "முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுறேன். நாளைக்கே வந்து உக்காரட்டும்."

எல்லாம் முடிந்தது என்றுதான் ஒச்சம்மாள் நினைத்தாள். கோடாங்கி வேப்பங்குலையைக் கீழே வைத்தார். அப்போது பொன்னுமணி பாத்தியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் முன்னால் முழங்காலிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஆத்தா, ஒன்னையப் பாத்து மூணு வருசம் ஆச்சு" என்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அந்த ஒச்சம்மாவை நீ மன்னிச்சுட்டியா? நீ மன்னிச்சிருந்தா நானும் மன்னிச்சுக்கிடுறேன்."

எல்லோரும் ஒச்சம்மாளின் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் நாளையிலிருந்து அவள் தலை நிமிர்ந்து நடக்கலாம். கிட்டங்கியும் மன்னிக்கும், இந்தப் பெண்ணும் மன்னிக்கும். வாயைத் திறந்தாள். முனியாயி என்ன சொல்லியிருப்பாள் என்று தேடித் தேடிப் பார்த்தாள். எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றும் அது அவளுக்குத் தெரியவில்லை.

"அதை மட்டும் என்னால சொல்ல முடியல தாயி" என்றாள் கடைசியில், தன் சொந்தக் குரலில். "அது ஒங்க ஆத்தா சொல்ல வேண்டியது."

பொன்னுமணி கைகளை உடனே விடவில்லை. அந்த முகத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பேசியது ஆத்தா இல்லை என்று தெரிந்த பிறகு விட்டாள்.