ஈர மண்

கோரிப்பாளையத்தில் மருந்து வாங்க நின்றபோது, பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்தார்கள். சுவரெல்லாம் நீல வெளிச்சம், கூடவே கருகிய இரும்பு வாடை. நான் மறுபடி எட்டு வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

உலகச் சண்டைக் காலத்தில் அப்பா வேலை பார்த்த வார்ப்படப் பட்டறையில், கரண்டால் இரும்பை உருக்கும் உலை வந்தது. இரண்டு கரித்தண்டுகளுக்கு நடுவே இதே வெளிச்சம்தான் எரியும். உருகிய இரும்பை ஊற்றுவதற்கு மண்ணில் அச்சு எடுப்பது அப்பாவின் வேலை. குளித்த பிறகும் அவர் காதுமடலில் கருமணல் ஒட்டியிருக்கும்.

ஒருநாள் நான் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கோடு பட்டறை வாசலில் நின்றேன். முந்தின நாள் நல்ல மழை.

"மண்ணு இம்புட்டு ஈரமா இருக்குண்ணே, ஊத்துனா வெடிச்சுரும். நாளைக்கு ஊத்துவோம்," என்று அப்பா மேஸ்திரியிடம் சொன்னார்.

"கரண்டு இன்னைக்குத்தான்யா குடுத்திருக்கான். ஊத்து."

ஊற்றினார்கள். அச்சு வெடித்து, இரும்பு அப்பாவின் மேல் தெறித்தது. நான் கத்தவில்லை. தூக்கைக் கீழே வைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார்.

"தாயி, கடைசியா அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாரு. மண்ணு ஈரமா இருக்குன்னு உங்ககிட்டச் சொன்னாராம்," என்றாள் அம்மா.

அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். மேஸ்திரி குடித்துவிட்டுப் போனார். அம்மா செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எனக்குக் கஞ்சி ஊற்றினாள். குடித்தேன். அப்பாவின் முகம்கூட இப்போது சரியாக நினைவில் இல்லை. அந்தக் கஞ்சியில் உப்பு அளவாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.