பின்சில்லு காரும் தவமணி அக்காவும்

தவமணி அக்காவுக்கு முதல்நாள் கார் பழக்கப் போனபோது கொழும்பு வெள்ளவத்தையில் மழை விட்டிருந்தது, வீதி ஈரம். நான் டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் வேலை பார்த்தேன். காலமான கணவர் விட்டுப்போன பழைய செடானைத் தானே ஓட்டி, கொட்டாஞ்சேனையில் படுக்கையாய்க் கிடந்த தமக்கையைப் பார்த்து வர வேண்டும் என்பது அக்காவின் விருப்பம்.

அது பின்சில்லு டிரைவ், எஞ்சின் பின்சக்கரங்களைத்தான் சுழற்றும். பவர் ஸ்டியரிங் இல்லை, திருப்பினால் தோள் நோகும். ஈர வளைவில் ஆக்சிலேட்டர் கொஞ்சம் கூடினால் காரின் வால் பக்கம் விலகும். அன்றும் விலகியது. அக்கா காலை எடுத்தார், கார் நேரானது.

"தம்பி, இன்னொருக்கா போவம்" என்றார்.

லைசன்ஸ் எடுத்தபின் கொள்ளுப்பிட்டி நெரிசலுக்குள்ளால் தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய் வரத் தொடங்கினார்.

பிறகு ஒருநாள் அவருடைய மகன் என்னைக் கூப்பிட்டார். முன்சில்லு டிரைவ் செடான் ஒன்று அம்மாவுக்கென்று பார்த்திருந்தார். இரண்டையும் ஓடிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். ஓடினேன். எஞ்சின் பாரம் காரை இழுக்கும் முன்சில்லுகளிலேயே இருப்பதால் மழையில் பிடிமானம் நல்லது, ஸ்டியரிங் லேசு, பின்சீற்றுக் காலடியில் நடுவே மேடும் இல்லை என்றேன்.

"அப்ப இதுதானே நல்லது, அண்ணை?"

"கார் நல்லது. ஆனா ஓடுறது அம்மா. அவவை ஒருக்கா கேளுங்கோ."

சொல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினால் அம்மா சந்தோஷப்படுவா என்று மகன் சிரித்தார். அந்தக் கிழமையே பழைய கார் விலைப்பட்டுவிட்டது.

புதிய காரைப் பழக்க நான் போனேன். அக்கா ஏறி, கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு, எஞ்சினை இயக்காமலே இறங்கினார்.

"கேட்டா பழைய காரை நான் விக்க விடமாட்டன் எண்டு அவனுக்குத் தெரியும், தம்பி. அதுதான் கேக்கேல்லை."

அதன்பின் அவர் எந்தக் காரையும் ஓடவில்லை. மகன் மனம் கலங்கி, பழைய காரைத் திருப்பி வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு நுகேகொடைக்குப் போனார். வாங்கியவர் அதைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்றிருந்தார். ஓட்டோவில் கூட்டிப்போக ஆள் கிடைத்தால் மட்டும் அக்கா தமக்கையிடம் போனார். அதுவும் வரவரக் குறைந்தது.

இன்றும் என்னிடம் முன்சில்லா பின்சில்லா என்று கேட்டு வருகிறார்கள். ஓடப்போகிறவர் கூட வராவிட்டால், அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.