முதலில் அடியில் கிடக்கப் பழகு

பெரம்பலூரில் இப்போது பிரேசில் ஜூஜிட்சு என்னும் மல்யுத்தக் கலையைச் சொல்லித்தருகிறார்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் சிலர், நான் அந்தக் காலத்து ஜூடோக்காரன் என்று கேள்விப்பட்டு, ஆரம்பத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நகத்தை வெட்டுங்கள், உடுப்பைத் துவைத்துப் போடுங்கள், பிடி இறுகினால் வீம்பு பார்க்காமல் உடனே தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். இன்னும் ஒன்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அரியலூர்க் கடலைக் குடோனில் நடந்த கதை முழுவதையும் சொல்லவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரியலூரில் ஓர் அரசு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் தாத்தா அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். அப்பாவும் அம்மாவும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் கிளார்க் ஒருவர் டீக்கடையில் பழக்கமானார். என் வயதுதான் இருக்கும். ஜூடோவில் பிரவுன் பெல்ட் வாங்கியவர். இந்த ஊரில் பிடித்துப் பழக ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"தனியாப் பழகுற வித்தை இல்லைங்க இது. எதிர்ல ஒரு உடம்பு வேணும். நீங்க வரீங்களா?" என்று கேட்டார்.

போனேன். ஊரில் இன்னும் சில பேரையும் சேர்த்திருந்தார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஒரு கடலைக் குடோன். சிமெண்ட் சாக்குகளில் வைக்கோல் திணித்துப் பரப்பி, மேலே லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தோம். யாராவது விழும்போதெல்லாம் சிமெண்ட் தூசி கிளம்பி எல்லோரும் தும்முவோம். காடாத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்த கோட்டுதான் உடுப்பு. பேங்க்காரரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

முதல் சில வாரம் விழுவதற்கு மட்டும்தான் பழக்கினார். பின்பக்கம் விழுந்து கையால் தரையை அறைவது, தோளில் உருண்டு எழுவது. அவரவர் தனியாக விழுந்தோம். அதுவரை ஒரு சிக்கலும் வரவில்லை.

ஒரு நாள் ஜோடி சேரச் சொன்னார். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லோருக்கும் ஜோடி அமைந்துவிட்டது. மிஞ்சியது நானும் குடோன்காரரின் அண்ணன் மகனும். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பும் நிலமும் உள்ள குடும்பம். ஆள் என்னைப் போல் ஒன்றரை மடங்கு.

"மாஸ்டர், நான் உங்ககூடவே பழகிக்கிறேனே" என்றார் அவர்.

"நான் எல்லாரையும் பாக்கணும். அவரோட பழகுங்க."

"வேணாங்க. தோள்பட்ட வலிக்கிது."

அன்று காலையில்தான் அவர் மூட்டை தூக்கி வண்டியில் போட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். மாஸ்டருக்கு விஷயம் விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அவர் முகம் சிவந்துவிட்டது. மறுநாளும் அந்தப் பெரிய ஆளுக்குத் தோள் வலி. மற்றவர்களும் என் கண்ணில் படாமல் விலகிக்கொண்டார்கள். மாஸ்டர் தானே என்னுடன் பழகினார். அந்தச் சலுகைதான் எனக்கு அதிகம் வலித்தது.

விட்டுவிட்டுப் போய்விடலாம். ஆபீசில் தண்ணீர்ப் பானையிலிருந்து எத்தனையோ இடத்தில் அப்படி விலகி நின்று பழகியவன்தான். அன்று ஏனோ கால் நகரவில்லை. தார்ப்பாயின் நடுவில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

"என்னைப் பிடிக்க ஆளில்லன்னா பரவால்ல. ஆனா நான் போக மாட்டேன். இங்கயேதான் கெடப்பேன். நீங்க சுத்திக்கிட்டுப் பழகுங்க" என்றேன்.

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "படுத்திருக்கார்ல. அவரை எழுந்திரிக்க விடாம அமுக்கத் தெரிஞ்சவங்க யாராவது வாங்க."

அந்தப் பெரிய ஆள் எழுந்து வந்தார். தோள் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. என் மார்பின் மேல் குறுக்கே விழுந்து அழுத்தினார். என்னைத் தொடத் தயங்கியவருக்கு என் மேல் ஏறத் தயக்கம் இருக்கவில்லை.

மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. கையைக் காலை உதறினேன். உதற உதற அவர் எடை இன்னும் இறங்கியது. மாஸ்டர் என் காதருகே குனிந்தார். "தள்ளாதீங்க. மொதல்ல மூச்சு விடுங்க. அவர் கனம் எங்க இருக்கு, எங்க இல்லன்னு மட்டும் பாருங்க."

அன்றிலிருந்து வாரக்கணக்கில் அவருக்கு அடியில்தான் கிடந்தேன். வேறு யாரோடும் பழக அவருக்கு விருப்பமில்லை. என்னை நசுக்குவதில் அத்தனை ருசி. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பக்கவாட்டில் திரும்பினால் மூச்சுக்கு இடம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் முழுசாக நசுங்க மாட்டோம். அவர் சிரிக்கும்போது இடுப்பு லேசாக எழும்பும். அந்த இடைவெளியில் முழங்காலை நுழைத்துவிடலாம். காலர் பிடித்துப் பிடித்து விரல்கள் வீங்கி, மறுநாள் டைப் மிஷினில் எழுத்து மாறி மாறி விழுந்தது.

அம்மா விரல்களைப் பார்த்துவிட்டு, "கல்லு ஒடைக்க வேணாம்னுதான படிக்க வச்சோம். அந்தக் கையையே இப்பிடிப் பண்ணிக்கிட்டு வரியே" என்றாள்.

"நானாப் பண்ணிக்கிறது வேற, அம்மா" என்றேன். அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு மாலை அவர் வழக்கம்போல மேலே இருந்தார். முழங்கால் நுழைந்துவிட்டது. கைகளைக் குறுக்காகக் கொடுத்து அவர் காலரின் இரு பக்கத்தையும் பிடித்து, முழங்கையை மடக்கி இழுத்தேன். கழுத்தில் பிடி சரியாக விழுந்தது. தோற்றவன் எதிராளியின் உடம்பில் கையால் தட்டவேண்டும், உடனே விட்டுவிடுவோம். அவர் தட்டவில்லை. கை என் தோளருகே வந்தது, நின்றது. பிறகு அவர் உடம்பு முழுவதும் மூட்டை போல என் மேல் சாய்ந்தது.

மாஸ்டர் ஓடிவந்து அவரைப் புரட்டிப் போட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தார். சற்று நேரத்தில் கண் திறந்தார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் குடோனில் பூட்டு. வாசலில் அவர் சித்தப்பா, குடோன்காரர், நின்றிருந்தார்.

"எவன்டா எங்க புள்ள கழுத்த நெரிச்சது?"

"நான்தான்" என்றேன். "தட்டியிருந்தா விட்டிருப்பேன். தட்டச் சொல்லிக் குடுத்திருக்காரு மாஸ்டர்."

"உன்னத் தட்டணுமா அவன்?"

"ஆமாங்க. அவரு என்னை அமுக்கறப்ப நான் எத்தனையோ தடவ தட்டியிருக்கேன்."

அவர் கை ஓங்கினார். மாஸ்டர் நடுவில் வந்து நின்றார். "தப்பு எதுவும் நடக்கலைங்க. குடோன் உங்களது, பூட்டிக்குங்க. சாக்கும் தார்ப்பாயும் எங்களது, எடுத்துக்கிறோம்."

"எங்க கொண்டுபோறது?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"எங்க தெருவுக்கு" என்றேன். "பால்வாடிக் கொட்டகை சாயந்தரம் சும்மாத்தான் கெடக்கு."

சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகத்தான் நடந்தோம். பாதிப் பேர் வழியிலேயே நழுவிவிட்டார்கள். எங்கள் தெருவைச் சேர்ந்த நாலைந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு விழப் பழக்கினேன்.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஒரு மாலை அந்தப் பெரிய ஆள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். தெருவே எட்டிப் பார்த்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்தேன்.

"அந்தப் பிடிய மறுபடி போடு" என்றார். "எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. தூக்கம் வரமாட்டேங்குது."

"வாங்க போங்கன்னு பேசினாப் போடறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "சரி. போடுங்க."

போட்டேன். இறுகியதும் அவர் உள்ளங்கை என் தோளில் விழுந்தது. சத்தமாக, இரண்டு முறை. விட்டேன். "இன்னொரு தடவ" என்றார். அன்று எத்தனை தடவை தட்டினார் என்று எண்ணவில்லை.

நியாயம் உணர்ந்து வந்தார் என்று நான் கதை கட்ட மாட்டேன். தோற்றது எப்படி என்று தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த தை மாதம் அவருக்குக் கல்யாணம். கொட்டகையில் யாருக்கும் பத்திரிகை வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கல்யாணம் முடிந்த வாரமே பயிற்சிக்கு வந்தார், கையில் மருதாணி கலையாமல். அவரைத் தோளில் வாங்கித் தூக்கிப் போட்டேன். தும்மிக்கொண்டே எழுந்து, என் காலரைப் பிடிக்கக் கையை நீட்டினார்.