தட்டிப் பார்க்காத கட்டை

எங்கள் அண்ணிக்குப் பயம் வந்தால் வாய் அடைத்துப்போகும். கட்டை விரலால் மற்ற நகங்களைச் சுரண்டிக்கொண்டே இருப்பார். கைவினைக் கண்காட்சியின் இரண்டாம் நாள் காலை, கடைக்குப் பின்னால் நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் அவருடைய நாத்தனார். கிண்ணங்களைத் துடைத்து அடுக்கி விற்பது என் வேலை. அண்ணி கடைசல்காரி. சுழலும் மரக்கட்டையில் உளியை வைத்துக் கிண்ணமாகக் கடைந்தெடுப்பார். பதினொரு மணிக்கு அதைக் கூட்டத்துக்கு முன்னால் செய்து காட்ட வேண்டும்.

முன்பெல்லாம் கடைந்தது என் அண்ணன். அண்ணியின் வேலை கட்டையைத் தட்டிக் கேட்பது. இயந்திரத்தில் ஏற்றும் முன் ஒவ்வொரு கட்டையையும் காதோரம் பிடித்து விரல் முட்டியால் தட்ட வேண்டும். நல்ல கட்டை 'டங்' என்று சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால் 'தொப்' என்று அமுங்கிப்போகும். அண்ணிக்குப் பாம்புக் காது. அந்தக் காதைப் பற்றிப் பெருமையடித்தே அண்ணன் எல்லாரையும் படுத்தி எடுப்பார்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு கட்டை சுழலும்போது இரண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு அண்ணனின் இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்கு உளி இறங்கும் ஆழம் பிடிபடாது. அதனால் அண்ணி கடையக் கற்றுக்கொண்டார், அண்ணன் மெருகு போட உட்கார்ந்துவிட்டார். காதையும் ஏமாற்றும் கட்டை ஒன்று உண்டு, அது தன் தலையில் எழுதியிருந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கட்டையை அண்ணி தட்டவே இல்லை. காலையிலிருந்து நாற்பது கட்டை தட்டி அலுத்துப்போய், இது ஒன்றுதானே என்று நினைத்து, தட்டிவிட்டேன் என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை நான்கு வருடமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். கண்காட்சியன்று காலை எனக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பல்லைக் காட்டி வியாபாரம் செய்திருக்க மாட்டேன்.

கட்டைப் பெட்டி பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் மூடிய வண்டிக்குள் வெயிலில் வெந்திருக்கிறது. அப்படிக் காய்ந்தால் கட்டை புதிதாக உள்ளே பிளக்கும், வீட்டில் தட்டியதெல்லாம் செல்லாது. அண்ணி ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துத் தட்டினார். எங்கள் கடைக்குப் பத்தடி தள்ளித்தான் பாட்டு மேடை. மேளமும் குழலும் ஸ்பீக்கரில் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. மறுபடி தட்டினார். கட்டையை ஒட்டி நின்ற எனக்கு மேளம் மட்டும்தான் கேட்டது. அண்ணியின் உதடு வெளுத்துவிட்டது.

கடைக்கு முன்னால் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணன், பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மிச்சமிருக்கும் கண்ணை நேரே இயந்திரத்தின் மேல் வைத்திருந்தார்.

பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா என்று அண்ணி அமைப்பாளரிடம் கேட்டார். கழுத்தில் அட்டை தொங்கினாலே சிலருக்குத் தலைக்கனம் ஏறிவிடும், அவர் அந்த ரகம். பாட்டும் வேலையும் சேர்ந்து நடப்பதுதானே அழகு, நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நேரமாகிறது என்று சிரித்தார்.

போதாக்குறைக்கு அண்ணனும் நாற்காலியிலிருந்தே எடுத்துக்கொடுத்தார். "பெட்டி வந்ததுமே தட்டியிருப்பா சார். அவ தட்டிட்டேன்னா தட்டினதுதான்."

அண்ணி கட்டையை இயந்திரத்தில் ஏற்றினார். கை ஸ்விட்சுக்குப் போனது. அந்த நேரத்தைப் பற்றிப் பிறகு என்னிடம் சொன்னார். பிள்ளைகளின் முகங்கள்கூடக் கலங்கலாகத்தான் தெரிந்தனவாம், அந்த ஒரு கண் மட்டும்தான் துலக்கமாகத் தெரிந்ததாம். அன்று போலவே ஒரு 'ம்' சொன்னால் போதும், எல்லாரும் நம்பிவிடுவார்கள். அதுதான் அவரை நடுங்க வைத்தது.

திடீரென்று கட்டையைக் கழற்றினார். அக்குளில் இடுக்கிக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, விறுவிறுவென்று மேடையேறி மேளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். மேளம் செத்தது. குழல்காரர் இன்னும் இரண்டு மூச்சு ஊதிவிட்டு விழித்தார். கண்காட்சி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மைக்குக்குப் பக்கத்திலேயே அண்ணி கட்டையைத் தட்டினார்.

'தொப்.'

ஸ்பீக்கர் அதைக் கடைசிக் கடை வரைக்கும் கொண்டுபோனது. இதுவும் செய்முறை விளக்கத்தில் ஒரு பகுதி என்று நினைத்து ஜனம் கைதட்டியது. அண்ணன்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். என் வீட்டுக்காரி காதைப் பார்த்தீர்களா என்று பக்கத்தில் இருந்தவரிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணி இறங்கி வந்து, அவர் முன்னால் மண்டியிட்டு, கட்டையை அவர் மடியில் வைத்தார்.

"ஏங்க, இன்னைக்குத்தான் தட்டினேன். அன்னைக்குத் தட்டல. தட்டிட்டேன்னு சும்மா சொன்னேன்."

அண்ணனின் கைகள் தட்டப்போன வாக்கில் அப்படியே நின்றன. அண்ணி என்றும் பார்க்காமல் ஓர் அறை விடலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன் என்ன செய்வாரோ என்ற பயம் அதை அமுக்கிவிட்டது. அவர் மடியில் இருந்த கட்டையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நாலு வருசம் சொல்லல. இப்ப ஏன் சொல்ற?"

"நீங்க முன்னால உக்காந்திருக்கீங்க."

அண்ணன் எழுந்தார். போயே விடுவார் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்து வேறொரு கட்டையை எடுத்து வந்து நீட்டினார். "தட்டு" என்றார். மேளக்காரர் குச்சியைத் தூக்காமல் காத்திருந்தார். கட்டை 'டங்' என்றது. அண்ணி அதை ஏற்றினார், கடைந்தார், கிண்ணம் நன்றாகவே வந்தது. அண்ணன் கடைசி வரை முன்வரிசையில்தான் இருந்தார், ஆனால் ஒரு முறைகூடக் கைதட்டவில்லை.

பாம்புக் காது என்ற பேச்சு இப்போது எங்கள் வீட்டில் கிடையாது. அண்ணி கட்டையை எடுத்தால், அண்ணன் மெருகு போடுவதை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறார். 'டங்' என்று கேட்ட பிறகும், "இன்னொரு தடவை" என்கிறார். அண்ணி மறுபேச்சு பேசாமல் மறுபடி தட்டுகிறார்.